தாயைத் திருப்பித் தந்த ஆய்வகம்

வேலைக்குச் செல்லும் தாய், பிள்ளையை இழக்கிறாளா என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை. 1897-ல் பாரிஸில் பிறந்த ஐரீன் கியூரியின் வாழ்க்கை அதற்கு ஒரு விடை.

ஐரீனின் குழந்தைப் பருவத்தில் தாய் மேரி கியூரியின் பகல்கள் ஆய்வகத்துக்கே உரியவை. மகளை வளர்த்தவர் தந்தைவழித் தாத்தா. 1906-ல் தந்தை பியர் சாலை விபத்தில் மாண்டார். 1910-ல் தாத்தாவும் மறைந்தார். துயரத்தை வெளிக்காட்டாத தாயையும் மகளையும் இணைத்தது கணிதம். பிரிந்திருந்த நாட்களில் மேரி கடிதம் வழியே கணக்குகள் அனுப்புவார். மகள் விடை எழுதுவாள்.

1914-ல் போர் மூண்டது. எக்ஸ்-ரே கருவிகளுடன் போர்முனை மருத்துவமனைகளுக்குச் சென்ற தாயின் பணியில் மகளும் சேர்ந்தார். பதின்வயதைக் கடக்கும் முன்பே அவரைத் தனியே பொறுப்பேற்கச் செய்தார் மேரி. கண்டிப்பான தாய் அங்கே நம்பிக்கை வைக்கும் சகபணியாளரானார். போருக்குப் பின் ரேடியம் நிறுவனத்திலும் அந்த உறவு தொடர்ந்தது.

1934 தொடக்கத்தில் ஐரீனும் கணவர் பிரெடெரிக் ஜோலியோவும் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டறிந்தனர். அதைக் கண்டு மகிழ்ந்த மேரி, அந்த ஜூலையில் இறந்தார். மறு ஆண்டு அத்தம்பதி பெற்ற நோபல் பரிசை அவர் காணவில்லை. 1956-ல் ஐரீனை ரத்தப் புற்றுநோய் கொண்டுசென்றது. இருவர் மரணத்துக்கும் கதிர்வீச்சே காரணமெனக் கருதப்படுகிறது.

தாயை மகளிடமிருந்து பிரித்த ஆய்வகமே தாயை அவருக்குத் திருப்பித் தந்தது. அதற்கான விலையையும் இருவரிடமும் பெற்றுக்கொண்டது.