நேதாஜி எழுதி முடிக்காத சுயசரிதையும் மலாயாத் தமிழர்களும்

1937 டிசம்பர் மாதம். ஆஸ்திரியாவில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன பாட்காஸ்டைன் என்னும் மலை நகரில் ஓய்வுக்காகத் தங்கியிருந்தார் சுபாஷ் சந்திர போஸ். அப்போது அவருக்கு வயது 40. பத்தே நாளில் தம் வாழ்க்கைக் கதையை ஒரு நூலளவுக்கு எழுதினார். பிறப்பில் தொடங்கி 1921 வரை வந்தது கதை. கடைசியில் தம் நம்பிக்கைகளைப் பற்றி ஓர் அத்தியாயத்தைச் சேர்த்தார். அத்தோடு பேனா நின்றது. மிச்சத்தை எழுத அவருக்குக் காலம் வாய்க்கவே இல்லை.

நேதாஜியின் பெயரைக் கேளாத தமிழ்க் குடும்பம் மலேசியாவில் அரிது. தாத்தா ஐ.என்.ஏ.வில் இருந்தார், பாட்டி நகையைக் கழற்றிக் கொடுத்தார் என்ற பேச்சு கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இன்னும் ஓயவில்லை. ஆனால் நாம் அறிந்த அந்த நேதாஜி அவருடைய சுயசரிதையில் இல்லை. அதில் இருப்பவர் வேறொருவர்: வெட்கப்படுகிற, குழம்புகிற, வீட்டைவிட்டு ஓடிப்போகிற ஓர் இளைஞர்.

1897 ஜனவரி 23 அன்று ஒடிசாவின் கட்டாக் நகரில் பிறந்தார். தந்தை ஜானகிநாத் போஸ் பெயர்பெற்ற வழக்கறிஞர். பதினான்கு பிள்ளைகளில் ஒன்பதாமவர் சுபாஷ். அத்தனை பேர் நடுவில் தாம் ஒரு பொருட்டே இல்லை என்ற எண்ணத்துடன் வளர்ந்ததை அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

தமிழ்ப்பள்ளியா, தேசியப் பள்ளியா என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கும் நம் பெற்றோருக்கு அந்த நூலில் ஒரு பகுதி நெருக்கமாக இருக்கும். ஆங்கிலேயர் நடத்திய பள்ளியில் ஏழு ஆண்டுகள் படித்துவிட்டு, 1909இல் ராவன்ஷா பள்ளியில் சேர்ந்தார் சுபாஷ். மற்றப் பாடங்களில் முன்னால் நின்ற பையனுக்குத் தாய்மொழியான வங்காளம் எழுத வரவில்லை. முதல் கட்டுரையில் அத்தனை பிழைகள். ஆசிரியர் அதை வகுப்பில் வாசித்துக்காட்ட, பையன்கள் சிரித்தார்கள். அந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை. விழுந்து விழுந்து படித்து, ஆண்டுத் தேர்வில் வங்காளத்தில் முதல் மதிப்பெண் வாங்கினார். பிற்காலத்தில் சொந்தக் கதையை அவர் எழுதியதென்னவோ ஆங்கிலத்தில்தான்.

பதினைந்து வயதை எட்டும் வேளையில் உறவினர் ஒருவர் வீட்டில் விவேகானந்தரின் நூல்கள் கண்ணில் பட்டன. அள்ளிக்கொண்டு வந்து படித்தார். அதே விவேகானந்தரின் பெயரில் பிரிக்பீல்ட்ஸில் 1904ஆம் ஆண்டிலேயே ஆசிரமம் தொடங்கப்பட்டிருந்தது. கட்டாக்கில் அந்தப் பையனை எழுப்பிய குரல் மலாயாவுக்கு முன்னதாகவே வந்துவிட்டது என்பது ஒரு சுவையான தகவல்.

அந்தக் குரல் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. 1914இல் கல்லூரி விடுமுறையில் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் குருவைத் தேடிப் புறப்பட்டார். ரிஷிகேஷ், ஹரித்துவார், மதுரா, பிருந்தாவனம், காசி, கயா என்று சுற்றினார். குரு கிடைக்கவில்லை, சாதிதான் கிடைத்தது. மீன் தின்னும் வங்காளி என்று ஓர் உணவுக்கடையில் சோறு போட மறுத்தார்கள். இன்னோர் இடத்தில் கிணற்றில் நீர் இறைக்கக்கூட விடவில்லை. இரண்டு மாதம் கழித்து வெறுங்கையோடு வீடு திரும்பியபோது தாய் அழுதார். பையன் டைபாய்டில் படுத்தான். இளமையில் காம உணர்வோடு தாம் நடத்திய போராட்டத்தைக்கூட அவர் நூலில் மறைக்கவில்லை. அந்தக் காலத்து அரசியல் தலைவர் ஒருவர் இப்படி எழுதியது சாதாரணமல்ல. காந்தியின் சுயசரிதை ஏற்கெனவே வழி காட்டியிருந்தது உண்மை. ஆனால் சுபாஷின் நடை காந்தியின் நடையல்ல. தன்னைத்தானே குறுக்கு விசாரணை செய்யும் வக்கீல் மகனின் நடை அது.

1916இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஓட்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் மாணவர்களால் தாக்கப்பட்டார். சுபாஷ் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். இந்த இடத்தில் நூல் சற்று மௌனம் காக்கிறது. நடந்ததைத் தாம் கண்ணால் பார்த்ததாக எழுதுகிறாரே தவிர, அடித்தவர் யார் என்று காட்டிக்கொடுக்கவில்லை.

பிறகு ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி, பட்டம். ஐ.சி.எஸ். தேர்வுக்கு இங்கிலாந்து போகிறாயா என்று கேட்ட தந்தை, யோசிக்க 24 மணி நேரம் கொடுத்தார். 1919 செப்டம்பரில் கப்பல் ஏறினார். எட்டு மாதமே படித்து 1920இல் நான்காவதாகத் தேறினார். வெள்ளைக்காரன் ஆட்சியில் ஓர் இந்தியன் எட்டக்கூடிய ஆகப் பெரிய உத்தியோகம் அது. 1921 ஏப்ரலில் அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். கதை அங்கே நின்றுவிடுகிறது.

ஏன் தொடரவில்லை? 1938 ஜனவரியில் காங்கிரஸ் தலைவராகத் தேர்வானார். அதற்குப் பின் ஓட்டம்தான். 1939இல் மீண்டும் தலைவராகி, காந்தியின் ஆதரவு இல்லாமல் பதவி விலகினார். 1941 ஜனவரியில் வீட்டுக்காவலிலிருந்து மாறுவேடத்தில் தப்பி, காபூல் வழியாக பெர்லின் சேர்ந்தார். 1943 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கியில் புறப்பட்டு, நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி ஆசியா வந்தார். சிங்கப்பூரில் இறங்கியது 1943 ஜூலை 2. அவர் சொந்தக் கையால் எழுதியிருக்க வேண்டிய பகுதி இதுதான். நமக்கு வேண்டிய பகுதியும் இதுதான்.

அவர் வந்து சேர்ந்த மலாயா, வாய்மூடிக் கிடந்த நாடல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகள் பத்திரிகையாளர் ஆர். எச். நாதனின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் வம்பு செய்வதை நிறுத்துதல் ஆகியவை கோரிக்கைகள். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க மாட்டோம். அரசாங்கம் நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது. பட்டாளம் வந்தது, துப்பாக்கிச்சூட்டில் பாட்டாளிகள் உயிரிழந்தார்கள். சைக்கிளிலிருந்து இறங்க மறுத்த அதே மனிதர்கள்தான் இரண்டு ஆண்டுகள் கழித்து நேதாஜியின் கூட்டங்களுக்குத் திரண்டார்கள். அவர்களை எழுப்பியவர் நேதாஜி என்று சொல்வது பாதி உண்மை. அவர்கள் ஏற்கெனவே எழுந்திருந்தார்கள்.

அவர் இந்துஸ்தானியிலும் ஆங்கிலத்திலும் பேசினார். கூட்டத்தில் பெரும்பாலோர் தமிழர். பேச்சு தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டது. கோலாலம்பூரில் அவர் பேச்சைக் கேட்ட ஜானகி தேவர் என்ற பதினெட்டு வயதுப் பெண் தன் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். வீட்டில் எதிர்ப்பு இருந்தும் ஜான்சி ராணி படையில் சேர்ந்து, பர்மா வரை போனார். ஈப்போவிலிருந்து ராசம்மா தம் அக்காளோடு சேர்ந்தார். படைக்குத் தலைமை தாங்கியவர் சென்னையிலிருந்து சிங்கப்பூர் வந்திருந்த மருத்துவர் லட்சுமி.

1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. அதே அக்டோபரில்தான் சயாம் மரண ரயில் பாதையும் கட்டி முடிக்கப்பட்டது. ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போன பல்லாயிரம் மலாயாத் தமிழர்கள் அந்தத் தண்டவாளத்தின் ஓரத்தில் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். ஐ.என்.ஏ.வில் சேர்ந்தால் சயாமுக்குப் பிடித்துப் போகமாட்டார்கள் என்ற கணக்கும் சிலரிடம் இருந்தது. ஜப்பானின் துணையோடு விடுதலை தேடிய நேதாஜி, அதே ஜப்பான் தம் மக்களுக்குச் செய்ததை மனத்துக்குள் எப்படி எடுத்துக்கொண்டார்? காமத்தைப் பற்றி அத்தனை வெளிப்படையாக எழுதியவர், இதையும் எழுதியிருக்கக்கூடும். அந்த அத்தியாயம் இல்லாதது நமக்கு மற்றெதையும்விடப் பெரிய இழப்பு.

அவர் விட்ட இடத்தை மற்றவர்கள் நிரப்ப முயன்றார்கள். அவர் 1937இல் எழுதிய கையெழுத்துப் பிரதி 1948இல்தான் நூலாக வெளிவந்தது. அதற்கு முன்பே, 1946இல், தளபதி ஷா நவாஸ் கான் தம் நினைவுகளை வெளியிட்டார். கேப்டன் லட்சுமியின் நினைவுக் குறிப்புகள் 1997இல் வந்தன. ராசம்மா பூபாலனின் வாழ்க்கையை வரலாற்றாசிரியர் அருணா கோபிநாத் எழுத, மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் 2007இல் வெளியிட்டது. அதிகாரிகளும் படித்தவர்களும் இப்படிப் பதிவானார்கள். துப்பாக்கி தூக்கிய பால்மரத் தொழிலாளிகளில் பெரும்பாலோருக்குப் புத்தகம் இல்லை. போர் முடிந்ததும் அவர்கள் லயங்களுக்குத் திரும்பி, விடிகாலையில் மீண்டும் மரம் சீவப் போனார்கள். அவர்களோடு அதே அணியில் இருந்த வழக்கறிஞர் ஜான் திவி, 1946இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட ம.இ.கா.வின் முதல் தலைவரானார்.

நேதாஜியின் கடைசி நாள்களை எழுதியவர் ஒரு தமிழர். எஸ். ஏ. அய்யர், போருக்கு முன் பாங்காக்கில் ராய்ட்டர் செய்தியாளர். தற்காலிக அரசில் விளம்பரத் துறை அமைச்சர். அவருடைய நூல் 1951இல் வந்தது. மலாயா வாசகர் தேடிப் படிக்க வேண்டிய பகுதி அதில் உண்டு. 1945 ஆகஸ்டில் நேதாஜி செரம்பானில் தங்கியிருந்தார். ரஷ்யா ஜப்பான்மீது போர் தொடுத்த செய்தி அங்கேதான் வந்தது. ஜப்பான் சரணடைகிறது என்ற செய்தியைச் சிங்கப்பூரிலிருந்து விரைந்து வந்தவர்கள் நேரில் கொண்டுவந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில், இரண்டு ஆண்டு உழைப்பு முடிந்துவிட்டது என்பதை அவர் அறிந்தார். உடனே காரில் சிங்கப்பூர் புறப்பட்டார்.

ஆகஸ்ட் 16 அன்று அங்கிருந்து பாங்காக். மறுநாள் சைகோன். உடன் வந்தவர்கள் எல்லோரும் ஒன்றாகப் பறக்க நினைத்திருந்தார்கள். ஜப்பானிய விமானத்தில் முதலில் ஓர் இடம்தான் என்றார்கள், வாதாடியதில் இரண்டானது. ஒன்றில் நேதாஜி, மற்றதில் ஹபிபுர் ரஹ்மான். மறுநாள், ஆகஸ்ட் 18 அன்று, அந்த விமானம் தைபேயில் விபத்துக்குள்ளானது. சைகோனில் விமானம் ஓடுபாதையைவிட்டு எழும்பியபோது அய்யர் மற்றவர்களோடு தரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.