தரங்கம்பாடியில் ஒரு தமிழ் மாணவர்

பூம்புகாருக்குத் தெற்கே, அலைகள் ஓயாது கரையைத் தழுவும் சிற்றூர் தரங்கம்பாடி. தரங்கம் என்றால் அலை. அலை பாடும் ஊர் என்று இப்பெயருக்குப் பொருள் கூறுவர். 1620ஆம் ஆண்டு தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ் வணிகர் இங்கே வந்து குடியேறினர். கடலைப் பார்த்தபடி டேன்ஸ்பர்க் கோட்டையை எழுப்பினர். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும் வரை இரண்டேகால் நூற்றாண்டு காலம் அவர்கள் கொடி இங்கே பறந்தது.

1792இல் கட்டப்பட்ட நகர வாயிலைக் கடந்து ராஜ வீதி வழியே கடற்கரையை நோக்கி நடந்தால் அந்தப் பழங்காலம் இன்னும் கலையாமல் நிற்பதைக் காணலாம். ஒருபுறம் கோட்டை, எதிரே ஆளுநர் வாழ்ந்த மாளிகை. காண வருவோர் பெரும்பாலும் இவ்விரண்டையும் பார்த்துவிட்டு, கடற்காற்று வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். நான் நாடிச் சென்றது வேறோர் இல்லம். ஆண்ட கவர்னரின் இல்லமன்று. அவர் நாளில் அரசாங்கத்தின் சந்தேகப் பார்வைக்கு ஆளான ஒருவரின் இல்லம். 2017 முதல் அருங்காட்சியகமாக விளங்கும் அவ்வில்லத்தில் வாழ்ந்தவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

அவரைச் சமயத் தொண்டர் என்பர் சிலர். அச்சுக்கலையின் முன்னோடி என்பர் சிலர். இரண்டும் உண்மையே. ஆனால் அவர் வாழ்ந்த அறைகளில் நின்று அவர் வரலாற்றை எண்ணிப் பார்த்தபோது, அவர் எனக்கு ஒரு மாணவராகவே தோன்றினார். நம் கல்லூரி மலரில் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

இளமையும் பயணமும்

ஜெர்மனியில் சாக்சனி நாட்டைச் சேர்ந்த புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682ஆம் ஆண்டு சீகன்பால்கு பிறந்தார். தந்தையார் தானிய வணிகர். சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தார். உடலோ நலிந்த உடல். ஹாலே நகரில் பிராங்கே என்னும் பேராசிரியரிடம் இறையியல் கற்கத் தொடங்கினார். உடல்நலக் குறைவு அங்கும் குறுக்கிட்டது. இத்தகையவரைத்தான் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் கடல் கடந்து தரங்கம்பாடிக்கு அனுப்பத் தெரிந்தெடுத்தார். தோழர் புளுச்சோவுடன் 1705 நவம்பரில் கப்பலேறி, ஏழு மாதங்களுக்கு மேல் கடலில் அலைந்து, 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

மன்னர் அனுப்பிவைத்தவரை மன்னரின் கொடியின் கீழ் இருந்த கம்பெனி அதிகாரிகள் விரும்பவில்லை. சமயப் பணியால் வணிகத்துக்கு இடையூறு வரும் என்று அஞ்சினர். கரையில் காத்திருந்து வரவேற்கவும் ஆளில்லை, பேசவும் மொழியில்லை.

மணலில் எழுதிய எழுத்து

அக்காலத்தில் ஐரோப்பிய வணிகர் இக்கடற்கரையில் போர்த்துகீசிய மொழியைக் கொண்டே காரியம் நடத்தினர். கொச்சையாக நாலு வார்த்தை தெரிந்தால் போதும், சரக்கு கைமாறும். புளுச்சோ போர்த்துகீசியத்தைத் தமக்கெனக் கொண்டார். சீகன்பால்கு தமிழைக் கொண்டார்.

கற்பது எங்ஙனம்? இலக்கண நூல் ஒன்றும் அவர் கையில் இல்லை. அகராதியும் இல்லை. ஊரில் திண்ணைப் பள்ளி நடத்திவந்த முதிய ஆசிரியர் ஒருவரைக் கண்டு, அப்பள்ளியையே தம் இருப்பிடத்தில் வைத்து நடத்துமாறு வேண்டிக்கொண்டார். ஆசிரியர் இசைந்தார். மறுநாள் முதல் ஊர்ப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் அமர்ந்து, மணலைப் பரப்பி, விரலால் அகரம் எழுதத் தொடங்கினார் அந்த ஐரோப்பியர்.

இக்காட்சியைச் சற்றே மனக்கண்ணில் காணுங்கள், நண்பர்களே! பல்கலைக்கழகம் சென்றவர், அரசரின் ஆணை பெற்றவர், கற்பிக்க வந்தவர். அவர் ஐந்து வயதுச் சிறுவனின் பக்கத்தில் அமர்ந்து அவன் சொல்வதைத் திருப்பிச் சொல்கிறார். கற்பவருக்கு வெட்கம் பகை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

எழுத்து கைவந்தது, பொருள் விளங்கவில்லை. பிள்ளைகள் மனப்பாடமாக ஓதுவதற்கு விளக்கம் சொல்ல அந்த முதியவருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. அப்போது வாய்த்தவர் அழகப்பன் என்னும் துபாஷி. தமிழோடு போர்த்துகீசியம், டேனிஷ், ஜெர்மன் முதலான மொழிகளும் அறிந்தவர். அவரிடம் பேச்சுத் தமிழ் பயின்று, சில மாதங்களுக்குள் மக்களோடு தமிழிலேயே உரையாடலானார் சீகன்பால்கு.

உடைந்த சிலைகள்

இந்த மாணவரிடம் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தம் சமயமே உண்மைச் சமயம், மற்றவை இருள் என்ற எண்ணத்தோடு வந்தவர் அவர். வந்த தொடக்க காலத்தில் ஒரு சிறு கோயிலின் அருகே இருந்த சில உருவங்களைத் தள்ளி உடைத்தார். அந்நிகழ்ச்சியை அவரே கடிதத்தில் எழுதியும் வைத்திருக்கிறார். அங்கு வந்த ஆசிரியர் ஒருவர், அவை தெய்வங்களே அல்ல என்றும், தெய்வத்தின் படைவீரர்களின் உருவங்கள் என்றும் எடுத்துரைத்தாராம். உடைத்தவருக்குத் தாம் உடைத்தது இன்னதென்றே தெரியவில்லை!

அச்செயலை இன்று யாரும் புகழமாட்டார்கள். ஆனால் அதன் பின் அவர் நடந்த வழி கருதத்தக்கது. இம்மக்கள் எதை வணங்குகிறார்கள், எதை நன்று என்கிறார்கள், எதைத் தீது என்கிறார்கள் என்பதை அவர்கள் வாயிலாகவும் அவர்கள் நூல் வாயிலாகவுமே அறிவது என்று முனைந்தார். மறுப்பதற்காகப் படிக்கத் தொடங்கியவர், படிக்கப் படிக்க மதிக்கத் தொடங்கினார்.

ஏடு தேடிய நாட்கள்

எழுத்தர்களை ஊர் ஊராக அனுப்பி ஓலைச் சுவடிகளை விலைக்கு வாங்கச் செய்தார். விலைக்குக் கிடைக்காதவற்றைப் படியெடுக்கச் செய்தார். அவர் தம் நாளைப் பகுத்துக்கொண்ட முறை நம்மைப் போன்ற மாணவர்களை நாணச் செய்யும். காலை ஏழு மணிக்கு முன்னாள் படித்த சொற்களைத் திருப்பிப் பார்ப்பார். எட்டு மணி முதல் நண்பகல் வரை புதிய நூல். பக்கத்தில் ஒரு முதிய புலவர் விளக்கம் சொல்ல, ஓர் எழுத்தர் புதுச் சொற்களையும் தொடர்களையும் குறித்துக்கொள்வார். பிற்பகலில் மீண்டும் படிப்பு. இரவில் கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்பதற்காகப் பிறரைப் படிக்கச் சொல்லிக் காதால் கேட்பார். இரண்டே ஆண்டுகளில் அவர் தொகுத்த சொல் தொகுதி இருபதாயிரம் சொற்களை எட்டியது.

1708இல், தாம் திரட்டிய சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். அதில் தமிழ்ச் சமய, இலக்கிய நூல்கள் மட்டும் 119. பெயரை மட்டும் அடுக்கும் பட்டியலன்று அது. ஒவ்வொரு நூலும் எதைப் பற்றியது, மக்களிடையே அதற்குள்ள மதிப்பு யாது என்பன போன்ற குறிப்புகளும் உண்டு. திருக்குறளும் அதில் உண்டு, சிவவாக்கியமும் உண்டு. தமிழ் நூல்கள் அச்சில் வருவதற்கு வெகு காலம் முன்னர், சாதாரணத் தமிழர் எந்தெந்த நூல்களைப் படித்தனர் என்பதைக் காட்டும் சான்றாக இன்று ஆய்வாளர் அதனைப் போற்றுகின்றனர். அதே 1708ஆம் ஆண்டில் நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழர் அறநெறி அறியாதவர் என்று எண்ணிக்கொண்டிருந்த தம் நாட்டார்க்கு உண்மையைக் காட்டுவதே அவர் நோக்கம்.

கோட்டைச் சிறை

அந்த ஆண்டு முடியுமுன் வேறொரு பாடமும் அவருக்குக் காத்திருந்தது. ஏழை விதவை ஒருத்தியின் கடன் வழக்கில் தலையிட்டு அவள் பக்கம் பேசினார். ஏற்கெனவே அவர்மீது பொருமிக்கொண்டிருந்த தளபதி ஹாசியுஸுக்கு அது போதுமானதாயிற்று. சீகன்பால்குவைப் பிடித்து டேன்ஸ்பர்க் கோட்டையில் அடைத்தார். வெக்கையும் தனிமையும் நிறைந்த அச்சிறையில் ஏறத்தாழ நான்கு மாதம் கழிந்தது.

இன்று அக்கோட்டையும் ஓர் அருங்காட்சியகம். அவரை அடைத்த இடம், அவர் வாழ்ந்த இல்லம் இரண்டும் ஒரே நாளில் நடந்து பார்த்துவிடக்கூடிய தொலைவில் நிற்கின்றன. இரண்டையும் பார்த்தவர்க்கு அவர் வாழ்க்கை விளங்கிவிடும்.

ஈயமும் காகிதமும்

தமிழ் அச்சு அவரோடு தொடங்கியதன்று. 1578இலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறிவிட்டது. ஆனால் அம்முயற்சி இடையில் தளர்ந்து நின்றுவிட்டது. மீண்டும் அதற்கு உயிர் கொடுத்தது தரங்கம்பாடி.

லண்டனிலிருந்து ஒரு சமய நூற்சங்கம் அச்சுப்பொறி ஒன்றை அனுப்பியது. வழியில் பிரெஞ்சுக்காரர் கப்பலைக் கைப்பற்றினர். மீட்டுக்கொண்டு வருவதற்குள் அச்சுக்காரர் கடலிலேயே இறந்துபோனார். 1712இல் பொறி மட்டும் வந்து சேர்ந்தது. மறு ஆண்டு ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. அவையோ மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்க முற்பட்டனர். ஈயத்துக்கு எங்கே போவது? லண்டனிலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயப் பெட்டிகளை உருக்கினர்! அவ்வெழுத்துகளைக் கொண்டு 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வெளிவந்தது. பொறையாற்றில் எழுத்து வார்க்கும் பட்டறையும் காகிதம் செய்யும் ஆலையும் எழுந்தன.

பள்ளிப் பணியும் உடன் நடந்தது. வந்த மறு ஆண்டாகிய 1707இலேயே ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி கண்டார். பெண் எழுத்தாணி பிடிப்பது அரிதாயிருந்த காலம் அது. 1714இல் தாய்நாடு சென்றபோது மலையப்பன் என்னும் தமிழரையும் உடன் அழைத்துச் சென்றார்; கப்பலிலும் இருவரும் மொழிபெயர்ப்பை விடவில்லை. 1716இல் ஹாலேயில் அச்சான அவரது தமிழ் இலக்கணம், ஐரோப்பியர் தமிழ் கற்கக் கதவு திறந்தது.

அச்சேறாத நூல்

இவ்வளவும் புகழ் தந்த செயல்கள். அவருக்குப் புகழ் தராத ஒரு செயலைத்தான் நான் எல்லாவற்றினும் பெரிதென மதிக்கிறேன்.

தமிழ்ப் பெரியோர் பலரிடம் சமயம், வாழ்க்கை, மருத்துவம், பழக்கவழக்கம் குறித்து வினாக்கள் விடுத்து, அவர்கள் எழுதிய விடைகளை ஜெர்மனிக்கு அனுப்பினார். அவ்வாறு அங்கே அச்சான கடிதங்கள் 99. ஐரோப்பாவில் இருந்தோர், தமிழரைப் பற்றித் தமிழரே கூறும் சொற்களைக் கேட்க அது வழி செய்தது. பின்னர், 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். சிவன், திருமால் முதல் ஊர்க் காவல் தெய்வங்களாகிய ஐயனார், மாரியம்மன் வரை, யார் யார், எவ்வாறு வணங்கப்படுகின்றனர் என்று முறைப்படுத்திய நூல் அது. கையெழுத்துப் படியை ஆவலோடு ஹாலேக்கு அனுப்பினார்.

அவர் ஆசிரியர் பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். பிற சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அச்சமயத்தின் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் கருத்து. நூல் கிடப்பில் போடப்பட்டது. சீகன்பால்கு உயிரோடிருந்த வரை அது வெளிவரவில்லை. 1867ஆம் ஆண்டு, எழுதி 154 ஆண்டுகள் கழித்துச் சென்னையில்தான் அச்சேறியது. 1708இன் சுவடிப் பட்டியலோ 2012இல் புதுச்சேரியிலிருந்து விரிவான குறிப்புகளோடு ஆங்கிலத்தில் வெளியாயிற்று. எந்த மண்ணில் கற்றாரோ அந்த மண்ணுக்கே அவர் கற்றவை திரும்பி வந்தன.

தம்மை அனுப்பியவர்கள் விரும்பியதை மட்டும் எழுதியிருந்தால் அவருக்குத் தொல்லையில்லை. தாம் கண்டதை எழுதினார். கோட்டை அதிகாரிகளுக்கு அவர் அளவுக்கு மீறித் தமிழரோடு நெருங்கியவர். ஹாலே பெரியோர்க்கு அளவுக்கு மீறித் தமிழரை அறிந்தவர். இரு புறமும் குற்றம் சுமந்தார்.

இறுதி நாட்கள்

1716இல் மனைவி மரியா டொரோத்தியாவுடன் திரும்பி வந்தார். ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயத்தை எழுப்பினார். 1718இல் அது திறக்கப்பட்டது. மன்னரின் முத்திரை பொறித்த அதன் முகப்பை இன்றும் காணலாம். அவ்வாண்டிலேயே கோபன்ஹேகனில் சமயப் பணியின் பொறுப்பிலிருந்தவரிடமிருந்து கடுமையான கண்டனக் கடிதங்கள் வந்தன. பள்ளிக்கும் ஆலயத்துக்கும் பணம் செலவழித்தது தவறென்று பழி. ஏற்கெனவே நலிந்திருந்த உடல் அவ்வடியைத் தாங்கவில்லை. 1719 பிப்ரவரி 23ஆம் நாள் காலமானார். முப்பத்தாறு வயதுதான். பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத்தின் கதையோடு நின்றுபோயிற்று. தாம் கட்டிய ஆலயத்துள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நாம் கொள்ளத்தக்கது

நண்பர்களே! சீகன்பால்குவின் சமயத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் உரிமை. ஆனால் அயலார் ஒருவரை அவர் மொழியில், அவர் நூலில், அவர் வாயால் அறிந்த பின்பே பேசவேண்டும் என்ற நெறி எல்லோர்க்கும் பொது. அந்நெறிக்கு விலையாக அவர் சிறையும் பழியும் பெற்றார்.

இன்னொன்றும் நினைவில் வைப்போம். அவருக்கு மணலில் எழுத்தறிவித்த முதியவரும், மொழி விளக்கிய அழகப்பனும், உடன் உழைத்த மலையப்பனும், பெயர் தெரியாத எழுத்தர்களும் இல்லையென்றால் அந்நூல்கள் இல்லை. கேட்டவுடன் தம் பள்ளியையே தூக்கிக்கொண்டு வந்து கற்பித்தாரே, அந்த ஆசிரியரின் பெருந்தன்மைக்கு ஈடேது? அருங்காட்சியகத்தில் மாணவரின் பெயர் நிற்கிறது. ஆசானுக்கு அதைவிடப் பெரிய நினைவுச் சின்னம் வேண்டுமா?

ஆளுநர் மாளிகையைக் காணத் தரங்கம்பாடி செல்வோர் அந்த மாணவர் இல்லத்தையும் கண்டு வருவீர்களாக. அவர் பட்டியலிட்ட 119 நூல்களில் நாம் கற்றவை எத்தனை என்று திரும்பும் வழியில் எண்ணிப் பாருங்கள். விடுமுறைக்கு ஒன்று என்று தொடங்கினாலும் நன்றே.