கண்டங்களின் நகர்வைக் கூறியவர், மேகத்தின் பனியையும் ஆராய்ந்தவர்: ஆல்ஃபிரட் வெகனர்

மேகங்களுக்குள் எவ்வளவு பனிக்கட்டி, எவ்வளவு திரவ நீர் உள்ளது என்பதை இன்று செயற்கைக்கோள்கள் அளந்து கூறுகின்றன. 2006 ஏப்ரல் 28-இல் ஒரே ராக்கெட்டில் ஏவப்பட்ட கிளவுட்சாட், கலிப்சோ ஆகியவை இப்பணியைப் பல ஆண்டுகள் மேற்கொண்டன. 2024 மே மாதம் ஐரோப்பாவும் ஜப்பானும் இணைந்து எர்த்கேர் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தின. பனியும் நீரும் ஒரே மேகத்தில் சேர்ந்திருந்தால் என்ன நேரும் என்ற கேள்விக்கு 1911-லேயே விடை கண்டவர் ஜெர்மானியரான ஆல்ஃபிரட் வெகனர். கண்டப் பெயர்ச்சிக் கோட்பாட்டுக்காகவே பாடநூல்களில் இடம்பெறும் இவர், தொழிலால் வானிலை ஆய்வாளர்.

பெர்லினில் 1880 நவம்பர் 1-இல் பிறந்த வெகனர், வானியலில் முனைவர் பட்டம் பெற்றபின் வளிமண்டல ஆய்வுக்கு மாறினார். 1906-இல் அண்ணன் கர்ட்டுடன் பலூனில் 52 மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்து உலக சாதனை படைத்தார். அதே ஆண்டு டென்மார்க் குழுவினருடன் முதன்முறையாகக் கிரீன்லாந்து சென்றார். அக்குழுவின் தலைவர் உட்பட மூவர் அப்பயணத்தில் உயிரிழந்தனர். ஆயினும் அந்தப் பனி நிலம் வெகனரை மீண்டும் மீண்டும் அழைத்தது.

நீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறைந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். மேகத்தில் அப்படியல்ல. மிக நுண்ணிய துளிகள் மைனஸ் 30 டிகிரிக்குக் கீழும் திரவமாகவே மிதக்கக்கூடும். அத்தகைய துளிகளும் பனிப்படிகங்களும் அருகருகே நெடுநேரம் நிலைத்திருக்க இயலாது என்று தமது வளிமண்டல வெப்ப இயக்கவியல் நூலில் வெகனர் விளக்கினார். பனியின் மேற்பரப்பில் நீராவியின் அழுத்தம் குறைவு. எனவே துளிகள் ஆவியாகிச் சுருங்க, அந்த ஆவியை ஏற்றுப் படிகங்கள் பெருக்கும். சுவீடனின் டோர் பெர்கெரோன் இதை மழைக் கோட்பாடாக வளர்த்தார். ஜெர்மனியின் வால்டர் ஃபின்டைசன் மேலும் செம்மைப்படுத்தினார். இன்று இம்மூவரின் பெயராலும் அச்செயல்முறை வழங்கப்படுகிறது. எல்லா மழைக்கும் பனி தேவையில்லை. வெப்பமண்டலத்தில் துளிகள் மோதி இணைந்தும் மழை பொழிகிறது என்பது பின்னர் உறுதியானது.

எந்த மேகத்தில் எது உள்ளது என்பதைக் கலிப்சோ லேசர் ஒளியால் கண்டறிந்தது. உருண்டையான நீர்த்துளி ஒளியைத் திருப்பியனுப்பும்போது அதன் அதிர்வுத் தளம் பெரிதும் மாறுவதில்லை. கோணல்மாணலான படிகம் அதை மாற்றிவிடுகிறது. இந்த வேறுபாடு முக்கியமானது. திரவ மேகம் சூரிய ஒளியை அதிகம் எதிரொளிக்கும் என்பதால், வெப்பமடையும் உலகில் பனி மேகங்கள் நீர் மேகங்களாக மாறும் அளவைப் பொறுத்துக் காலநிலைக் கணிப்புகளும் மாறுகின்றன.

வெகனரின் வாழ்நாளில் அவருக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் எதிர்ப்புதான். முதல் உலகப் போரில் காயமுற்று ஓய்விலிருந்த காலத்தில், 1915-இல் வெளியிட்ட கண்டப் பெயர்ச்சி நூலைப் புவியியல் வல்லுநர்கள் பலர் ஏற்கவில்லை. 1924-இல்தான் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது.

1930-இல் கிரீன்லாந்தின் நடுவே, மேற்குக் கரையிலிருந்து சுமார் 400 கி.மீ. தொலைவில், அவரது குழு ஐஸ்மிட்டே ஆய்வு நிலையத்தை அமைத்தது. அதற்கு உணவும் எரிபொருளும் கொண்டு செல்ல வேண்டிய மோட்டார் சறுக்கு வண்டிகள் பனியில் முடங்கின. குளிர்காலம் நெருங்கவே, வெகனரே நாய் வண்டிகளுடன் புறப்பட்டார். உடன் வந்தோரில் பெரும்பாலோர் வழியிலேயே திரும்பிவிட்டனர். அக்டோபர் 30-இல் நிலையத்தை அடைந்தபோது சக ஆய்வாளர் ஃப்ரிட்ஸ் லோவேயின் கால்விரல்கள் உறைந்து கருகியிருந்தன. இருந்த பொருள்கள் ஐவருக்குப் போதாது. மூவரை அங்கே விட்டு, தமது 50-வது பிறந்தநாளான நவம்பர் 1 அன்று, கிரீன்லாந்து இளைஞர் ராஸ்மஸ் வில்லும்செனுடன் வெகனர் கரை நோக்கிக் கிளம்பினார்.

இருவரும் கரை சேரவில்லை. 1931 மே 12-இல் வெகனரின் உடல் கண்டெடுக்கப்பட்டது. உறக்கப் பையின் உறையில் வைத்துத் தைத்து, அடக்கம் செய்த இடத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளை அடையாளமாக நட்டிருந்தார் வில்லும்சென். வெகனரின் நாட்குறிப்புடன் அவர் தனியே பயணத்தைத் தொடர்ந்ததாகக் கருதப்படுகிறது. அவரது உடலோ அந்த நாட்குறிப்போ கிடைக்கவே இல்லை.