லக்சபானவைக் கனவு கண்ட பொறியியலாளர்

அணையை விரும்பிய உயரத்துக்கெல்லாம் எழுப்பிவிட முடியாது. நீரின் ஆழம் கூடக்கூட அழுத்தம் பெருகும், அடித்தளம் தடிக்கும், செலவு கைமீறும். 1874இல் காலியில் பிறந்த டி.ஜே. விமலசுரேந்திர இதற்கு மலையகத்தில் மாற்றுவழி கண்டார். ஹட்டனுக்கு அப்பால் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் செங்குத்தாய் இறங்குகின்றன. உயரத்தை மலையே தருவதால் சிற்றணையும் நீண்ட குழாயும் போதுமானவை. 1918இல் இதனை ஆய்வுரையாக முன்வைத்தார். குடியேற்ற அரசு தொடங்கிய வேலையோ இடைநின்றது. 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கும் வாதாடினார். லக்சபான மின்நிலையம் 1950இல்தான் இயங்கிற்று; 1953இல் அவர் மறைந்தார். நோர்ட்டன் பிரிட்ஜில் 1965இல் எழுந்த மின்நிலையம் அவர் பெயரைத் தாங்குகிறது. லக்சபானவின் மின்சாரம் கொழும்பை விரைவிலேயே எட்டியது. அயலிலிருந்த தோட்ட லயன்களிலோ பல்லாண்டுகள் குப்பிவிளக்கே எரிந்தது.