வாயில் காத்த வீரர்

எயிலை வளைப்போன் பெறும் புகழை எயிலைக் காப்போன் பெறுவதில்லை. புறப்பொருள் வெண்பாமாலை இவ்வுண்மையை உணர்ந்து, மதிலை முற்றுதலுக்கு உழிஞை என ஒரு திணை வகுத்ததோடு அமையாது, மதிலைக் காத்தலுக்கு நொச்சி எனத் தனித்ததொரு திணையும் வகுத்தது. காப்போனுக்கும் ஒரு மாலை உண்டு என்பது அந்நூலார் கொள்கை. மாணவர்க்கு இத்திணையை விளக்கும்போதெல்லாம், ஏடுகளில் வரும் மன்னரை விட்டு விளையாட்டுக் களத்து வீரர் ஒருவரை யான் எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். அவர் பெயர் விலியம் ஷ்ரொய்ப். சிலவாக்கிய நாட்டு உதைபந்தாட்டத்திலே தலைசிறந்த பந்துக்காப்பாளருள் ஒருவராக எண்ணப்படுபவர். தமிழாசிரியனுக்கும் உதைபந்துக்கும் என்ன தொடர்பு என வினவும் அன்பர்கள் சற்றுப் பொறுத்திருந்து இவ்வரலாற்றைக் கேட்பாராக.

உதைபந்தாட்டத்தில் பதினொருவர் ஓர் அணியினர். அவருள் பதின்மர் ஓடுவர், ஒருவர் நிற்பர். பதின்மர் காலால் ஆடுவர். ஒருவருக்கே கையை வழங்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையோடு பெரியதொரு சுமையும் அவர் தோள்மீது ஏற்றப்பட்டுள்ளது. முன்வரிசை வீரர் பத்து முறை குறி தவறி ஒரு முறை கோல் அடிப்பாராயின் அவரைத் தோள்மேற் சுமந்து கொண்டாடுவர். பந்துக்காப்பாளர் பத்து முறை காத்து ஒரு முறை தவறுவாராயின், அவ்வொன்றே அவர் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஷ்ரொய்ப்பின் வாழ்வு இதற்குச் சான்று.

இவர் 1931ஆம் ஆண்டு ஆவணித் திங்கள் 2ஆம் நாள் பிராக் நகரிலே பிறந்தார். அக்காலத்திலே செக்கரும் சிலவாக்கியரும் செக்கோசிலவாக்கியா என்னும் ஒரே குடியரசின் மக்களாய் இருந்தனர். பிறந்தது செக்கர் தலைநகராயினும், அவர் தம் ஆட்டத்தாற் புகழ் பெற்றது சிலவாக்கியரின் பிராத்திசிலாவா நகரிலேயாம். 1993ஆம் ஆண்டு பிறந்தபோது அவ்விரு நாடுகளும் பிரிந்தன. ஆகவே, அவர் பிறந்த நகர் இன்று ஒரு நாட்டின் தலைநகர். வாழ்ந்த நகர் மற்றொரு நாட்டின் தலைநகர். எனினும் அவர் காத்த வாயிலோ இரு மக்களுக்கும் பொதுவானது.

பிராத்திசிலாவாவின் சிலோவான் கழகம் 1919இல் நிறுவப்பட்டது. செக்கோசிலவாக்கியச் சங்கப் போட்டியில் நெடுங்காலம் பிராக் நகரக் கழகங்களே முதன்மை பெற்றுவந்தன. அவ்வழக்கை 1949இல் மாற்றி, முதன்மை பெற்ற முதற் சிலவாக்கியக் கழகம் என்னும் பெருமையை எய்தியது இக்கழகமே. ஷ்ரொய்ப் இக்கழகத்துக்கு ஆடிய காலத்தில் 1955இல் சங்க முதன்மையும், 1962, 1963 ஆகிய ஆண்டுகளில் நாட்டுக் கிண்ணமும் சிலோவானுக்குக் கிடைத்தன. அவருக்கு முன்னே, தற்காப்பின் நடுவண் மலைபோல் நின்றவர் யான் பொப்லுஹார். முன்னே பொப்லுஹார், பின்னே ஷ்ரொய்ப் என்றமைந்த இவ்விரட்டைக் காவல், கழகத்துக்கும் நாட்டுக்கும் ஒருங்கே அரணாயிற்று.

காத்திருந்த காலம்

நாட்டு அணியில் அவர் 1953இல் முதன்முதலாக ஆடினார். ஆனால் நிலையான இடம் எளிதிற் கிட்டவில்லை. 1954இல் சுவிற்சர்லாந்தில் நடந்த உலகக் கிண்ணத்துக்குச் சென்ற அணியில் அவரும் ஒருவர். ஆட்டக் களத்தில் இறங்கும் வாய்ப்போ பிறருக்கே கிடைத்தது. 1958இல் சுவீடனுக்குச் சென்றார். ஆங்கும் எல்லா ஆட்டங்களிலும் வாயில் காத்தவர் தொலெய்ஷி என்னும் மற்றொருவர். இரண்டு உலகக் கிண்ணங்களைக் களத்தின் ஓரத்திலிருந்து பார்த்தவர் ஷ்ரொய்ப். முன்வரிசையில் இடம் கிடைக்காதவன் பின்வரிசையில் ஆடலாம். பந்துக்காப்பாளனுக்கு அத்தகைய மாற்றிடம் கிடையாது. ஓர் அணிக்கு வாயில் ஒன்றே. அஃது இன்னொருவர் கையில் இருக்கும் வரை காத்திருத்தல் ஒன்றே வழி.

1960இல் ஐரோப்பிய நாடுகளுக்கான முதலாவது கிண்ணப் போட்டி பிரான்சிலே நடைபெற்றது. அரையிறுதியாட்டத்தில் செக்கோசிலவாக்கியா, மார்செய் நகரில் சோவியத்து அணியிடம் 3-0 என்ற கணக்கில் தோற்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலோ போட்டியை நடத்திய பிரான்சையே 2-0 என வென்றது. அடுத்த ஆண்டு, 1962 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறும் பொருட்டு ஸ்கொத்லாந்துடன் தனியாட்டம் ஒன்று ஆடவேண்டியதாயிற்று. 1961 கார்த்திகை 29ஆம் நாள் பிரசல்ஸ் நகரில் நடந்த அவ்வாட்டம் குறித்த நேரத்தில் முடிவுறாது, மேலதிக நேரத்திலே 4-2 என முடிந்தது. இவ்வாறு கடைசிக் கதவின் வழியே சிலி நாட்டுக்குட் புகுந்த அணியிடம் உலகம் பெரிதாக எதனையும் எதிர்பார்க்கவில்லை.

சிலி நாட்டில் ஆறு ஆட்டங்கள்

1962 வைகாசி 31ஆம் நாள், கடற்கரை நகராகிய வின்யா டெல் மாரில் முதலாட்டம். எதிரணி ஸ்பானியா. புஸ்காஸ், கெந்தோ, சுவாரெஸ் போன்ற பெரும் பெயர்கள் அவ்வணியில் இருந்தன. ஷ்ரொய்ப் ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. எண்பதாம் நிமிடத்தில் ஷ்திப்ரானி அடித்த ஒரு கோலினால் செக்கோசிலவாக்கியா வென்றது.

இரண்டு நாள் கழித்து, ஆனி 2ஆம் நாள், அப்போதைய உலக முதன்மை அணியாகிய பிறேசிலுடன் ஆட்டம். இருபத்தொரு வயதுப் பெலே அவ்வாட்டத்திலே தொடைத் தசை பிடித்துக் காயமுற்றார். அக்காலத்திலே காயமுற்றவருக்குப் பதிலாக வேறொருவரை இறக்கும் விதி இல்லை. எனவே அவர் நொண்டியவாறு களத்திலேயே நின்றார். செக்கோசிலவாக்கிய வீரர்கள், குறிப்பாக மசொபுஸ்றும் பொப்லுஹாரும், அவரிடம் பந்து வந்தபோதெல்லாம் முட்டி மோதாது விலகி நின்றனர். வலியற்றவன்மேல் படை விடாத அறம் அது. ஆட்டம் கோல் எதுவுமின்றி முடிந்தது. பெலே அத்தொடரில் மீண்டும் ஆடவில்லை. அவரிடத்துக்கு அமரில்டோ என்னும் இளைஞர் வந்தார். இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

ஆனி 7ஆம் நாள் மெக்சிக்கோவிடம் 3-1 எனத் தோல்வி. மெக்சிக்கோவின் வாயிலைக் காத்த கர்பஹால் 1950 முதல் ஒவ்வோர் உலகக் கிண்ணத்திலும் ஆடிவந்தவர். உலகக் கிண்ணத்தில் அந்நாடு பெற்ற முதல் வெற்றி அதுவே. அன்று அவர் பிறந்தநாளும் ஆகும். ஒரு வாயிற்காவலரின் துன்பம் மற்றொரு வாயிற்காவலரின் இன்பமாயிற்று. எனினும் பிரிவில் இரண்டாம் இடம் பெற்றுச் செக்கோசிலவாக்கியா காலிறுதிக்குத் தகுதி பெற்றது.

ஆனி 10ஆம் நாள் ரன்காகுவா நகரில் ஹங்கேரியுடன் நடந்த காலிறுதியாட்டமே ஷ்ரொய்ப்பின் உச்சம் என்பேன். பதின்மூன்றாம் நிமிடத்தில் ஷெரர் ஒரு கோல் அடித்தார். அதன்பின் ஆட்டம் பெரும்பாலும் ஒருதலையாகவே நடந்தது. தாக்குதல் ஹங்கேரியர் பக்கம், தற்காத்தல் செக்கோசிலவாக்கியர் பக்கம். அல்பேர்ட், திக்கி முதலிய வன்மைமிக்க தாக்குநர் பந்தை மீண்டும் மீண்டும் செலுத்தினர். பாய்ந்தும் தாவியும் விழுந்தும் எழுந்தும் ஷ்ரொய்ப் அவற்றைத் தடுத்தார். எழுபத்தேழு நிமிடங்கள் எயில் முற்றப்பட்டது, எயில் விழவில்லை. நொச்சித் திணைக்கு இதனினும் தெளிந்த உரை வேண்டுமோ?

ஆனி 13ஆம் நாள் யூகோசிலாவியாவை 3-1 என வென்று இறுதியாட்டத்துட் புகுந்தனர். ஐந்து ஆட்டங்களிலே ஷ்ரொய்ப் விட்ட கோல்கள் நான்கே. அவற்றுள் மூன்று ஒரே ஆட்டத்தில் வந்தவை. அத்தொடரின் தலைசிறந்த பந்துக்காப்பாளர் அவரே எனப் பலரும் கருதினர்.

ஒரு பிற்பகல்

1962 ஆனி 17. சந்தியாகோ நகரின் தேசிய அரங்கிலே அறுபத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் கூடியிருந்தனர். பதினைந்தாம் நிமிடத்தில் ஷெரர் அனுப்பிய பந்தைப் பெற்று மசொபுஸ்ற் கோல் அடித்தார். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், 1934இல் ரோமாபுரியில் நடந்த இறுதியாட்டத்திலும் செக்கோசிலவாக்கியாவே முதலில் முன்னணி பெற்றுப் பின்னர் இத்தாலியிடம் தோற்றது. அன்று வாயில் காத்தவர் புகழ்பெற்ற பிலானிச்கா. அக்குறையை ஷ்ரொய்ப் தீர்ப்பார் என்றே அந்நாட்டார் நம்பியிருப்பர்.

முன்னணி நிலைத்தது இரண்டே நிமிடம். அமரில்டோ இடப்புறத்தே கோட்டின் ஓரமாகப் பந்தோடு வந்தார். அவ்விடத்திலிருந்து கோலைப் பார்த்தால் மிகக் குறுகிய வெளியே தெரியும். அத்தகைய இடத்துக்கு வந்தவர் பந்தை நடுவே நிற்கும் தம் தோழருக்கு அனுப்புவதே இயல்பு. ஷ்ரொய்ப்பும் அவ்வாறே எண்ணி, அதனை இடைமறிக்கும் பொருட்டு அருகிலிருந்த கம்பத்தை விட்டு ஓர் அடி முன்னே பெயர்ந்தார். அமரில்டோ அனுப்பவில்லை, அடித்தார். கம்பத்துக்கும் காவலருக்கும் இடையே இருந்த சிறுவெளியிற் பந்து புகுந்தது. அறியாமையால் நேர்ந்த பிழையன்று இது. அளவுக்கு மீறி அறிந்ததனால் நேர்ந்த பிழை. எதிரியின் எண்ணத்தை முன்னுணர்ந்து இயங்குதலே சிறந்த காவலரின் கலை. எந்தக் கலை அவரை இறுதியாட்டம் வரை உயர்த்தியதோ அதுவே அவ்வொரு கணத்தில் அவரைக் கைவிட்டது.

அறுபத்தொன்பதாம் நிமிடத்தில் அதே அமரில்டோ அனுப்பிய பந்தை ஸீற்றோ தலையால் முட்டிக் கோலாக்கினார். எழுபத்தெட்டாம் நிமிடத்தில் வந்தது மூன்றாவது. தென்கோளத்தில் அது மாரிகாலம். பிற்பகற் சூரியன் தாழ நிற்கும் பருவம். ஜல்மா சாண்டோஸ் வலப்புறத்திலிருந்து வானளாவப் பந்தை உயர்த்தி அடித்தார். வழக்கமாக ஷ்ரொய்ப் எளிதிற் பற்றும் பந்து அது. அண்ணாந்து நோக்கிய அவர் கண்ணிலே வெயில் பாய்ந்தது. கைக்கு வந்த பந்து நழுவிக் கீழே விழுந்தது. அருகே நின்ற வவா அதனை உள்ளே தள்ளினார். ஆட்டம் 3-1 என முடிந்தது.

அன்றுமுதல் ஷ்ரொய்ப் என்றவுடன் பலரும் நினைப்பது அந்த வெயிலையும் நழுவிய பந்தையுமே. இஃது அறமாகுமோ என்பதே என் வினா. பிழை பிழையன்று என வாதிடுவது என் கருத்தன்று. இரண்டு கோல்களில் அவர் தவறியது மெய். மெய்யை மறைப்பது வீரனுக்குச் செய்யும் பெருமையாகாது. ஆனால் கணக்கை முழுதாகப் பார்த்தல் வேண்டும். ஆறு ஆட்டங்கள், ஐந்நூற்று நாற்பது நிமிடங்கள், விட்ட கோல்கள் ஏழு, ஒரு கோலும் விடாத ஆட்டங்கள் மூன்று. ரன்காகுவாவில் அவர் வாயிலைக் காவாதிருந்தால் சந்தியாகோவில் தவறுவதற்கு ஓர் இறுதியாட்டமே அவருக்கு இருந்திராது. அவர் தவறிய மேடையை அமைத்துத் தந்தவை அவர் கைகளே. இதனை ஒருவாறு உணர்ந்தமையாற் போலும், அத்தொடரின் சிறந்த பதினொருவரைத் தேர்ந்தபோது பந்துக்காப்பாளர் இடத்துக்கு வெற்றி பெற்ற அணியின் காவலரை விடுத்து ஷ்ரொய்ப்பையே தேர்ந்தனர்.

அதன்பின்னும் அவர் களத்தை விட்டு ஒதுங்கவில்லை என்பது இவ்வரலாற்றில் நான் பெரிதும் மதிக்கும் செய்தி. மறு ஆண்டே, 1963 பங்குனியில், ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் போட்டியில் சிலோவான் கழகம் இலண்டனின் தொட்டென்ஹாம் கழகத்தைப் பிராத்திசிலாவாவில் 2-0 என வென்றது. இலண்டன் சென்று 6-0 எனத் தோற்றது. ஏற்றமும் இறக்கமும் ஒரே மாதத்தில் வந்தன. அவர் இரண்டையும் ஏற்று மீண்டும் வாயிலில் நின்றார். 1965 வரை நாட்டுக்காக ஆடினார். ஆடிய பன்னாட்டு ஆட்டங்கள் 39.

அவருக்குப் பின் அந்த வாயில் வெறுமையாகவும் இல்லை. 1969இல் பாசல் நகரில் பார்சலோனாவை 3-2 என வென்று சிலோவான் அதே ஐரோப்பியக் கிண்ணத்தைக் கைக்கொண்டபோது, காவலில் நின்றவர் வென்செல். ஷ்ரொய்ப் நின்று காத்த கழகத்தின் வாயிலிலேயே அவ்வெற்றி வந்து சேர்ந்தது.

2007ஆம் ஆண்டு புரட்டாதி 1ஆம் நாள், எழுபத்தாறாம் வயதில், பிராத்திசிலாவாவிலே ஷ்ரொய்ப் காலமானார்.

பரீட்சை முடிவுகள் வெளிவரும் நாட்களிலே, ஒரு பாடத்தில் வழுவிய மாணவனைப் பார்க்கும்போது இவர் நினைவு எனக்கு வருவதுண்டு. பத்தாண்டு கற்றதை விடுத்து மூன்று மணித்தியாலத்தில் மறந்ததை மட்டும் கொண்டு அவனை அளக்கின்றோம். அவனும் அவ்வாறே தன்னை அளந்துகொண்டு மனம் உடைகின்றான். ஆசிரியராகிய நாம் வழுவைச் சிவப்பு மையாற் சுட்டுவது கடமை. அதே மையால் அவன் முழுக் கணக்கையும் அழிப்பது கடமையன்று. நொச்சி சூடியோன் தோற்ற பின்னும் நொச்சி சூடியவனே. எயில் காத்த நாட்களின் எண்ணிக்கையை எயில் விழுந்த நாள் குறைத்துவிடாது.