வோல்ற்றாவின் தூண்

பாவியாச் சர்வகலாசாலைப் பேராசிரியர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ற்றாவை (1745–1827) உலகறியச் செய்தது ஒரு தவளைக்கால். இருவேறு உலோகங்கள் தீண்டியதும் செத்த தவளையின் கால் துடிப்பதைக் கண்ட பொலோஞாப் பேரறிஞர் கல்வானி, விலங்குடலில் மின்சாரம் உறைகின்றதென்று 1791இல் எழுதினார். முதலில் உடன்பட்ட வோல்ற்றா விரைவிலே ஐயுற்றார். தம் நாவிலேயே ஈருலோகங்களை வைத்துச் சோதித்தார். மின்சாரம் பிறப்பது தவளையிலன்று, உலோகங்களின் சேர்க்கையிலே என்று வாதிட்டார். வாதத்தை நிலைநாட்டத் தவளையையே விலக்கிவிட்டார். வெள்ளித்தட்டு, நாகத்தட்டு, உப்புநீரில் நனைத்த அட்டை என மாறிமாறி அடுக்கிய தூணில் இடையறாத மின்னோட்டம் எழுந்தது. 1800 மார்ச்சு 20இல் இலண்டன் றோயல் சங்கத் தலைவருக்கு அதனை விவரித்து எழுதினார்.

அவ்வெற்றியைக் காணக் கல்வானி இருக்கவில்லை. புதிய குடியரசுக்குச் சத்தியப்பிரமாணஞ் செய்ய மறுத்துப் பதவியிழந்த அப்பெரியார் 1798இல் மறைந்தார். வோல்ற்றாவோ 1801இல் பாரிசிலே நெப்போலியன் முன்னிலையில் தூணை இயக்கிக் காட்டிப் பொற்பதக்கம் பெற்றார்.

ஆயினும் வென்றவர் கண்ணுக்கும் ஒன்று தப்பியது. உலோகங்கள் தம்முள் தொடுவதே மின்சாரத்துக்குப் போதுமென நம்பிய அவர், நாகம் அரிக்கப்படுவதைப் பொருட்படுத்தவில்லை. இன்று இலிதியக் கலங்களுக்குப் புதுப்பொருள் தேடுவோர் நுணுகி ஆராய்வது அத்தகைய இரசாயன மாற்றத்தைத்தான். நாகம் கரைந்தே மின்சாரம் பிறக்கின்றதென்பதை, வோல்ற்றா மறைந்தபின், மைக்கல் பரடே முதலானோர் எடுத்துக்காட்டினர்.