சீனிவாச இராமானுசன்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 - ஏப்ரல் 26, 1920) தமிழ்நாட்டில் பிறந்த கணித மேதை ஆவார். எண் கோட்பாடு, முடிவிலாத் தொடர்கள், தொடர் பின்னங்கள் ஆகிய துறைகளில் பெரும் பங்களித்தவர். பள்ளி மாணவர்கள் பயிலும் அடுத்தடுத்த முழு எண்கள் பற்றிய கணக்குகளிலும் இவர் ஆழ்ந்த கணிதத்தைக் கண்டார்.

இளமையும் கல்வியும்

ஈரோட்டில் தாய்வழிப் பாட்டியின் இல்லத்தில் பிறந்தார். தந்தை கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் எழுத்தர், தாயார் கோமளத்தம்மாள். 1889 டிசம்பரில் பெரியம்மை கண்டு உயிர் பிழைத்தார். பின்னர் தாயுடன், பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர் பெற்ற காஞ்சிபுரத்தில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் வாழ்ந்தார். பாட்டனார் அங்கு நீதிமன்றப் பணியை இழந்ததும் இருவரும் கும்பகோணம் திரும்பினர்.

1897-இல் தொடக்கக் கல்வித் தேர்வில் மாவட்டத்தில் முதலிடம் பெற்றார். 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். எனினும் கணிதம் தவிர்த்த பாடங்களில் நாட்டம் இல்லாததால் அத்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்றபோதும் எப். ஏ. தேர்வில் தோல்வியுற்றார். பட்டம் இல்லாத நிலையில் 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார்.

அடுத்தடுத்த எண்கள்

1911-இல் வெளிவந்த இவரது முதல் ஆய்வுக் கட்டுரை பெர்னூலி எண்களைப் பற்றியது. அடுத்தடுத்த முழு எண்களின் அடுக்குகளைக் கூட்ட இவ்வெண்கள் பயன்படுகின்றன. 1913-இல் இந்தியக் கணிதக் கழக இதழில் ஒரு வினாவை எழுப்பினார். 1 முதல் 4 வரை உள்ள எண்களைப் பெருக்கி 1 கூட்டினால் 25 என்னும் வர்க்க எண் கிடைக்கும். 5 வரை பெருக்கினால் 121, 7 வரை பெருக்கினால் 5041 என வர்க்க எண்களே வரும். இவ்வாறு வேறு எண்கள் உண்டா என்பதே அவ்வினா. பிரெஞ்சுக் கணிதவியலர் புரோக்கார் முன்பே எழுப்பிய இவ்வினாவுக்கு இன்றுவரை முடிவான விடை கிடைக்கவில்லை.

தெரு வீட்டுக் கணக்கு

1914-இல் கணிதவியலர் ஆர்டியின் முயற்சியால் கேம்பிரிட்சு சென்றார். அவ்வாண்டு டிசம்பரில், பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிசு, ஸ்ட்ராண்ட் இதழில் வந்த ஒரு புதிரை இவருக்குப் படித்துக் காட்டினார். தெருவின் ஒரு பக்கத்து வீடுகள் 1, 2, 3 என எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு வீட்டின் இருபுறமும் உள்ள எண்களின் கூட்டுத்தொகைகள் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள் எனில், அவ்வீட்டின் எண் யாது என்பதே புதிர்.

வீட்டின் எண் வ, மொத்த வீடுகள் ம எனக் கொள்க. இடப்புறக் கூட்டுத்தொகை வ × (வ - 1) ÷ 2 ஆகும். வலப்புறமும் அதுவே ஆதலால், அதன் இருமடங்குடன் வ-வைக் கூட்டினால் அனைத்து எண்களின் தொகை கிடைக்கும். எனவே,

வ × வ = ம × (ம + 1) ÷ 2

மகலனோபிசு எண்களை இட்டுப் பார்த்து விடை கண்டிருந்தார்: 288 வீடுகளில் 204-ஆம் வீடு. இருபுறமும் தொகை 20,706. இராமானுசனோ சமைத்துக்கொண்டே, எல்லா விடைகளையும் தரும் ஒரு தொடர் பின்னத்தைக் கூறினார். 2-இன் வர்க்கமூலத்தை நெருங்கும் 3/2, 7/5, 17/12 ஆகிய பின்னங்களில் தொகுதியையும் பகுதியையும் பெருக்கினால் முறையே 6, 35, 204 என்னும் வீட்டு எண்கள் கிடைக்கின்றன. அவற்றுக்குரிய மொத்த வீடுகள் 8, 49, 288.

இறுதிக் காலம்

1918-இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நோயுற்று 1919-இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டு தமது 32-ஆம் அகவையில் காலமானார். இவரது பிறந்த நாளான டிசம்பர் 22, 2012 முதல் இந்தியாவில் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது.